இருபது நிமிடத்தில் மூவாயிரம் வருடம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். கச்சேரிக்கு எழுதுகிறோம். புதிதாகத் திறந்த ஓட்டலின் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஒரு நாள் டூருக்கு மட்டும் ஏன் யாரும் எழுதுவதில்லை? அதுவும் காசு கொடுத்துப் பார்க்கிற சமாசாரம்தானே! அதற்கும் கதை உண்டு, வசனம் உண்டு, க்ளைமாக்ஸ் உண்டு. இடைவேளைகூட உண்டு. என்ன, பாப்கார்னுக்குப் பதிலாக பாப்பிரஸ் விற்பார்கள்.

ஆகவே இந்த வாரம் டூர் விமர்சனம். படத்தின் பெயர்: 'லக்ஸர் – ஒரே நாளில்!'

எகிப்தில் செங்கடல் ஓரமாக ஹுர்கதா என்று ஓர் ஊர். கடலில் குளிக்கவும் வெயிலில் காயவும் வருகிறவர்களுக்காகவே வளர்ந்த ஊர். நாலு நாள் காய்ந்த பிறகு அவர்களுக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்துவிடும். 'எகிப்து வரைக்கும் வந்துவிட்டு பழைய சின்னங்கள் எதையும் பார்க்காமல் போவதா?' அந்தக் குற்ற உணர்ச்சிக்கு மருந்துதான் இந்த டூர். விடிவதற்கு முன்னால் ஹோட்டல் வாசலில் பஸ் நிற்கும். கையில் ஓர் அட்டைப்பெட்டியைத் திணிப்பார்கள். ஒரு பன், ஒரு வெந்த முட்டை, ஒரு ஜூஸ். அது காலை டிபன். பாலைவனத்தைக் கடந்து நாலு மணி நேரம் போனால் லக்ஸர்.

லக்ஸர்தான் பழைய தீப்ஸ். மூவாயிரத்து ஐநூறு வருடத்துக்கு முன்னால் ஃபாரோக்களின் மகா நகரம். நடுவில் நைல் நதி. கிழக்குக் கரையில் கர்னக் கோயிலும் லக்ஸர் கோயிலும். மேற்குக் கரை முழுக்கக் கல்லறைகள். சூரியன் மறைகிற பக்கம் செத்தவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நான் பி.காம். படித்தவன். பஸ்ஸில் சும்மா இருக்க முடியாமல், டிபன் பெட்டியின் மூடியைக் கிழித்து, அன்றைய நாளுக்கு வரவு செலவு எழுதிக்கொண்டே வந்தேன். காலை நாலரைக்கு ஏறி, ராத்திரி ஒன்பதரைக்கு இறங்கினேன். மொத்தம் 17 மணி நேரம். ஹுர்கதாவுக்கும் லக்ஸருக்கும் போக வர எட்டரை மணி. கர்னக் கோயில் ஒன்றரை மணி. மதியச் சாப்பாடு முக்கால் மணி. அலபாஸ்டர் கல் கடையும் பாப்பிரஸ் கடையும் சேர்ந்து ஒண்ணேகால் மணி. ராஜாக்களின் பள்ளத்தாக்கு ஒன்றரை மணி. ஹட்ஷெப்சுட் ராணியின் கோயில் முக்கால் மணி. மெம்னன் சிலைகள் கால் மணி. மீதி இரண்டரை மணி நேரம் ஊருக்குள் சுற்றியது, நைலைக் கடந்தது, டிக்கெட் வரிசையில் நின்றது, டாய்லெட்டுக்குப் போன ஒரு குடும்பத்துக்காகக் காத்திருந்தது.

கூட்டிப் பாருங்கள். பழைய எகிப்துக்கு நாலு மணி நேரம்தான். ராணி கோயிலுக்கும் மெம்னனுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். கடைகளுக்கோ அதைவிடப் பதினைந்து நிமிடம் அதிகம். எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் 'இது டூர் கம்பெனியா, கடைக்கு ஆள் பிடிக்கிற கம்பெனியா?' என்றுதான் கேட்பார்.

இதைச் சொன்னால், 'ஒரு நாளில் அவ்வளவுதான் சார் முடியும்' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நேரம் போதவில்லை என்பது என் புகாரே கிடையாது. ரெண்டரை மணி நேர சினிமாவில் ஒரு தலைமுறைக் கதையைச் சொல்லிவிட முடிகிறதே! கிடைத்த நாலு மணி நேரத்தில் என்ன கதையைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்? அங்கேதான் எனக்கு வருத்தம்.

முதல் காட்சி, கர்னக். கைடு நல்ல மனிதர். நாற்பது வயதுக்குள் இருக்கும். நான் இந்தியன் என்று தெரிந்ததும் எகிப்து வழக்கப்படி 'அமிதாப் பச்சன்!' என்று கூவி, கையைக் குலுக்கினார். பிறகு நிழலில் நிறுத்தி, இருபது நிமிடம் பேசினார். அந்த இருபது நிமிடத்தில் எகிப்தின் மூவாயிரம் வருடமும் முடிந்துவிட்டது. அப்புறம் கர்னக்கின் தூண் மண்டபம். மொத்தம் 134 தூண்கள். நடு வரிசையில் இருக்கும் 12 தூண்கள் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம், அதாவது ஏழு மாடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அங்கே யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும்.

ஆனால், ஒரு விஷயம் சொல்லியிருக்கலாம். 1899-ல் இதே மண்டபத்தில் 11 தூண்கள் தடதடவென்று சரிந்து விழுந்தன. ஜார்ஜ் லெக்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றை மறுபடி எழுப்பி நிறுத்தினார். நாம் 'ஆஹா, மூவாயிரம் வருடம் அசையாமல் நிற்கிறதே!' என்று வியப்பதில் ஒரு பங்கு, நூறு சொச்சம் வருடத்துக்கு முன்னால் கயிறு இழுத்த எகிப்தியக் கூலியாட்களுக்கும் போய்ச் சேர வேண்டியது.

இதைச் சொல்லாத கைடு, புனிதக் குளத்தின் ஓரமாக இருக்கும் கல் வண்டுக்கு எங்களை அழைத்துப் போனார். ஏழு முறை சுற்றினால் அதிர்ஷ்டமாம். கல்யாணம் ஆக வேண்டுமென்றால் வேறு கணக்காம். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள், நம் ஊரில் நவக்கிரகம் சுற்றுகிற சிரத்தையோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிரதட்சிணம் ஃபாரோக்கள் காலத்துச் சடங்கே அல்ல. டூரிஸ்டுகளுக்காக முளைத்த சடங்கு. அந்த வண்டு மூன்றாம் அமென்ஹோடெப் மன்னர் வைத்தது. முதலில் இருந்த இடம்கூட இது இல்லை. அக்கரையில் இருந்த அவருடைய நினைவுக் கோயிலிலிருந்து இங்கே வந்திருக்கிறது. வண்டுக்கே ஒரு சுவாரஸ்யமான பயணக்கதை இருக்கிறபோது, சுற்று எண்ணச் சொல்கிறார்கள். நானும் சுற்றினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாலாவது சுற்றில் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

இரண்டாம் காட்சி, ஹட்ஷெப்சுட் கோயில். செங்குத்தான மலையின் அடிவாரத்தில் மூன்று அடுக்காக, நேற்று கட்டிய மாதிரி நிற்கிறது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் இருபது வருடத்துக்கு மேல் எகிப்தை ஆண்ட பெண் ஃபாரோ அவர். போர்க்களத்தைவிட, பூண்ட் என்ற தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பி வாசனை மரங்களை வேரோடு கொண்டுவந்ததைத்தான் பெருமையாகச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார். இறக்குமதி வியாபாரத்தைக் கோயில் சுவரில் போட்ட ராணி!

கைடு சொன்ன கதை என்ன தெரியுமா? ராணி ஒரு கொடுமைக்காரச் சித்தி. மூத்தாள் மகன்… மன்னிக்கவும், வேறொருத்தியின் மகன் மூன்றாம் துட்மோஸின் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் செத்ததும் ஆத்திரத்தில் அவள் சிலைகளை உடைத்து, பெயரைச் சுரண்டி எடுத்தான். டொட்டடொய்ங்! அப்படியே ராத்திரி எட்டரை மணி சீரியல்.

ஒரு காலத்தில் அறிஞர்களே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைடைக் குறை சொல்லக் கூடாது. ஆனால், கணக்கு உதைக்கிறதே! பெயரைச் சுரண்டும் வேலை நடந்தது துட்மோஸ் ஆட்சியின் பின்பகுதியில். ராணி இறந்து சுமார் இருபது வருடம் கழித்து. ஆத்திரம் என்றால் இருபது வருடம் ஆறவைத்தா எடுப்பார்கள்? தன் மகனுக்குச் சிம்மாசனம் சிக்கலில்லாமல் போக வேண்டும் என்ற அரசியல் கணக்காக இருக்கலாம் என்கிறார்கள் இப்போது. 2025-ல் ஜுன் யி வாங் என்ற ஆய்வாளர் இன்னொன்று எழுதினார். 1920-களில் தோண்டியெடுத்தபோது எழுதிய பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். சிலைகளில் பல, கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று குறிப்பிட்ட இடங்களில் முறையாக உடைக்கப்பட்டிருக்கின்றன. மற்ற ஃபாரோக்களின் சிலைகளையும் இதே மாதிரி உடைத்திருக்கிறார்கள். அதாவது சிலையின் சக்தியை இறக்குகிற சடங்கு. ஆத்திரம் வந்தவன் முகத்தில்தானே முதலில் அடிப்பான்? சிலைகளைப் பொறுத்தவரை சித்தி கொடுமையை நிரூபிக்கிற சாட்சி பலவீனமாகிவிட்டது. பஸ்ஸில் மட்டும் சீரியல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதே கோயிலில் கைடு சொல்லாத இன்னொன்றும் உண்டு. 1997 நவம்பர் 17-ஆம் தேதி, காலை நேரத்தில், இந்த மேடைகளில்தான் தீவிரவாதிகள் சுட்டும் வெட்டியும் 62 பேரைக் கொன்றார்கள். 58 பேர் வெளிநாட்டுப் பயணிகள். பாதிக்கு மேல் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள். நாலு பேர் எகிப்தியர்கள். நம்மை மாதிரியே தொப்பி போட்டு, கேமரா மாட்டி, வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள். அதற்கப்புறம் பல வருடம் டூரிஸ்ட் பஸ்கள் போலீஸ் பாதுகாப்போடு வரிசையாகத்தான் இந்த ஊருக்கு வர வேண்டியிருந்தது. வியாபாரத்துக்கு வந்த இடத்தில் எதற்கு அபசகுனம் என்று பேசாமல் விடுவது புரிகிறது. ஆனாலும் நின்று ஒரு நிமிடம் தலை குனிந்திருக்கலாம். முக்கால் மணியில் ஒரு நிமிடம். பெரிய செலவில்லை.

மூன்றாம் காட்சி, ராஜாக்களின் பள்ளத்தாக்கு. க்ளைமாக்ஸ். அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் கண்டுபிடிக்கப்பட்ட இடம். சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். துட்டன்காமனுக்குத் தனி டிக்கெட். கல்லறைக்குள் கைடு பேசக் கூடாது என்பது விதி. அதனால் வெளியே வெயிலில் நின்று, படம் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிடுகிறார். நாம் வியர்வையோடு உள்ளே போய், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கி, பின்னால் வருகிறவரின் மூச்சை வாங்கிக்கொண்டே ஏறுகிறோம்.

வெளியே கைடு எதைப் பற்றிப் பேசினார் என்று யூகித்திருப்பீர்கள். சாபம்! 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஏப்ரலில் அவருக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு காலமானார். கொசுக்கடி, அதை ஷேவ் செய்யும்போது கீறிக்கொண்டது, ரத்தத்தில் விஷம் ஏறியது. உடனே பத்திரிகைகள் சாபம் என்று கிளப்பிவிட்டன. (நம்ம ஆட்கள் அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்.) முதலில் உள்ளே நுழைந்த கார்ட்டரோ 1939 வரை உயிரோடு இருந்தார். சாபத்துக்கு விலாசம் தப்பிவிட்டது போலிருக்கிறது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒருவர் இதைக் கணக்கே போட்டுக் காட்டினார். அந்தச் சமயம் எகிப்தில் இருந்த 44 மேல்நாட்டவர்களை எடுத்துக்கொண்டார். கல்லறைத் திறப்பில் கலந்துகொண்டு 'சாபம் பட்டவர்கள்' 25 பேர். அவர்கள் இறந்தபோது சராசரி வயது 70. சாபம் படாதவர்களுக்கு 75. புள்ளிவிவரப்படி இந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை என்று முடித்துவிட்டார். எழுபது வயசு வாழ வைக்கிற சாபம் என்றால் எனக்கும் ஒன்று கொடுங்கள்!

சரி, இவையெல்லாம் சொன்ன கதையில் உள்ள குறைகள். சொல்லாமலே விட்ட கதைதான் என்னை ரொம்பப் படுத்தியது.

ராஜாக்களின் பள்ளத்தாக்குக்கும் ராணிகளின் பள்ளத்தாக்குக்கும் நடுவே, மலை மடிப்பில், தெய்ர் எல்-மதீனா என்று ஓர் இடிந்த ஊர் இருக்கிறது. மதில் சுவருக்குள் கிட்டத்தட்ட எழுபது வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டிய, ரயில் பெட்டி மாதிரி நீள வீடுகள். ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களும் சுவரில் சித்திரம் எழுதியவர்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்த காலனி இது. ஏறக்குறைய நானூறு வருடம் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பெர்னார்ட் ப்ரூயேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1922-லிருந்து 1951 வரை இங்கே தோண்டினார். 1922! அதே வருடம், மலைக்கு அந்தப் பக்கம் தங்கம் கிடைத்துவிட்டதால் இந்தப் பக்கம் உலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கம் இல்லைதான். கிடைத்தது காகிதம். அதாவது, அந்தக் காலத்துக் காகிதம்: உடைந்த ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் மையால் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகள். கடன் பத்திரம், சலவைக் கணக்கு, கோர்ட் வழக்கு, காதல் கவிதை, கழுதை வாடகைத் தகராறு…

அதில் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வருகைப் பதிவேடு! இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு. நாற்பது தொழிலாளிகளின் பெயர். யார் யார் என்றைக்கு வரவில்லை என்று தேதி. தேதிக்கு மேலே சிவப்பு மையில் காரணம். ஒருத்தனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருத்தனுக்குக் கண் நோய். ஒருத்தன் பீர் காய்ச்சப் போய்விட்டான். ஒருத்தன் செத்துப்போன தாய்க்குத் துணி சுற்றப் போனான். ஒருத்தன் வீட்டில் பெண்ணுக்குத் தூரம். மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய லீவ் லெட்டர்கள். 'பாட்டி செத்துட்டா சார்' என்று மூன்றாவது முறை சொல்லி லீவ் போட்டவர்கள் அனைவரும் இதை ஒரு தடவையாவது சேவிக்க வேண்டும்.

கூலி எவ்வளவு? காசு புழங்காத காலம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. ஒன்று ரொட்டிக்கு, இன்னொன்று பீருக்கு. மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூட. பத்து நாளுக்கு ஒரு வாரம். கடைசி இரண்டு நாள் ஓய்வு.

மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.மு. 1157-ல், இந்தக் கூலி வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. தொழிலாளிகள் கருவிகளை வைத்துவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி, கும்பலாக இறங்கி வந்து மன்னர்களின் நினைவுக் கோயில் ஒன்றின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, தாகம், உடுத்தத் துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, ஃபாரோவுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள். தானியம் வந்தது. மறுபடி நின்றது. மறுபடி உட்கார்ந்தார்கள். இது அத்தனையும் எழுதிவைத்த பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தில் நமக்கு எழுத்து ஆதாரத்தோடு கிடைத்திருக்கும் முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். 'அடிமைகள் சவுக்கடி வாங்கிக் கட்டினார்கள்' என்று பழைய ஹாலிவுட் படங்கள் நமக்குச் சொல்லித்தந்த எகிப்து. அங்கே கையெழுத்து தெரிந்த, கூலிக் கணக்கு கேட்ட, தராவிட்டால் உட்காரத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். ராஜாவுக்கு வேலை செய்தது போக மிச்ச நேரத்தில் தங்களுக்கும் சின்னதாகக் கல்லறை குடைந்து வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறை 1886-ல் கொள்ளை போகாமல் முழுசாகக் கிடைத்தது. சின்ன அறைதான். மஞ்சள் சுவரில் அவனும் பெண்டாட்டியும் மறுமையில் சேர்ந்து வயல் வேலை செய்கிறார்கள். சொர்க்கத்திலும் வேலை, பக்கத்தில் அவள். ராஜாக்களின் சுவர் முழுக்கப் பாம்பும் தெய்வமும் நெருப்பும்; இவன் சுவரில் சம்சாரம்.

எங்கள் பஸ் அந்த ஊர்ப் பக்கம் திரும்பும் சாலையைக் கடந்து போனது. போய்… அலபாஸ்டர் கடை வாசலில் நின்றது. நாலு பேர் தரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்குவதுபோல் செதுக்கினார்கள். 'பரம்பரைக் கைவினைஞர்கள்' என்றார் கடைக்காரர். நிஜமான கைவினைஞர்களின் ஊரைப் பத்து நிமிடத் தூரத்தில் விட்டுவிட்டு, நடிக்கிறவர்கள் முன்னால் நாற்பது நிமிடம்!

பொறுக்க முடியாமல் கைடிடம் போய், "தெய்ர் எல்-மதீனா போக முடியாதா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ப்ரோக்ராமில் இல்லை, மிஸ்டர் பச்சன்."

ராத்திரி திரும்பும்போது, பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிட்ட பிறகு, அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எகிப்தில் கைடு ஆவதென்றால் சும்மா இல்லை. அதற்கென்று படித்து, அரசாங்க லைசென்ஸ் வாங்க வேண்டும். வேலைநிறுத்தம், வருகைப் பதிவேடு, சென்னெஜெம் எல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. துட்மோஸின் இருபது வருடக் கணக்கும் தெரிந்திருந்தது.

"பிறகு ஏன் ஐயா சொல்லவில்லை?"

"சாபத்தைச் சொன்னால் டிப்ஸ் வரும். கூலிக் கணக்கைச் சொன்னால் கொட்டாவிதான் வரும். கடைக்குக் கூட்டிப்போகாவிட்டால் அடுத்த வாரம் கம்பெனி என்னைக் கூப்பிடாது. எனக்கு மூன்று பிள்ளைகள்."

பிறகு, மேற்குக் கரையில் நாங்கள் கடந்துவந்த ஒரு மொட்டை மலையைப் பற்றிச் சொன்னார். குர்னா. பழைய பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே வண்ண வண்ண வீடுகள் கட்டிக்கொண்டு ஜனங்கள் வாழ்ந்த கிராமம். 1940-களில் ஹசன் ஃபத்தி என்ற மேதை அவர்களுக்காக மண்ணால் புதிய குர்னாவைக் கட்டினார். உலகம் கொண்டாடியது, ஜனங்கள் பெரும்பாலும் நகர மறுத்துவிட்டார்கள். கடைசியில், 2006 முடிவிலிருந்து, புராதனச் சின்னங்களைக் காப்பாற்ற என்று சொல்லி புல்டோசர் வைத்து வீடுகளை இடித்தார்கள். "என் பாட்டி வீடு அங்கேதான் இருந்தது" என்றார் கைடு. "தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். அதுவும் ப்ரோக்ராமில் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து இந்த மனிதருக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன கதை மோசம் என்றால், அதைக் கேட்க ஆசைப்பட்டது யார்? மூன்றாவது கல்லறையில் 'போதும்பா, ஏசியில் உட்காரலாம்' என்று நினைத்தவன் நான். வண்டைச் சுற்றியவன் நான். தயாரிப்பாளர் ரசிகனைக் காட்டுகிறார், ரசிகன் தயாரிப்பாளரைக் காட்டுகிறான். நம் சினிமாவில் நடப்பதுதான் அங்கேயும்.

டூரிஸ்டுகளின் லட்சணம் எப்போதுமே இதுதானோ என்று ஆறுதல் தேடினேன். மெம்னன் சிலைகளைக் கால் மணி பார்த்தோம் அல்லவா? மூன்றாம் அமென்ஹோடெப்பின் சிலைகள். சுமார் 18 மீட்டர் உயரம். கி.மு. 27-ல் நில நடுக்கத்தில் ஒன்று விரிசல் விட, விடியற்காலையில் அதிலிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்ததாம். 'சிலை பாடுகிறது' என்று ரோமானியர்கள் கப்பல் பிடித்து வந்தார்கள். கி.பி. 130-ல் ஹேட்ரியன் சக்கரவர்த்தியே பரிவாரத்தோடு வந்தார். வந்தவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 'நான் வந்தேன், கேட்டேன்' என்று சிலையின் காலில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் நூற்றுக்கு மேல் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசர்களின் கல்லறைகளிலும் அப்படித்தான். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேல்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. செங்கடல் கரையில், ஹுர்கதாவுக்குத் தெற்கே இருக்கும் குசேரில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்து, ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். இன்னும் தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியப் பானையோடு கிடைத்தது. 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில், ஷார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராஹ் என்ற இரு அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ராஜாக்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளிலேயே தமிழ்ப் பிராமி எழுத்து! 'சிகை கொற்றன்' என்ற ஆசாமி, ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். மிளகு விற்க வந்தவரோ என்னவோ, மலை ஏறி வந்து பார்த்திருக்கிறார். எட்டு இடத்தில் பெயர் எழுதுவதென்றால், ஒன்று உறுதி. அவர் வந்தது ஒரு நாள் டூரில் இல்லை.

அவர் அன்றைக்குச் சுரண்டியது இன்றைக்குச் சரித்திரம். நாம் சுரண்டினால் ஜெயில், அதுதான் நியாயமும்கூட. நாம் விடுகிற மூச்சே அந்தச் சுவர்களுக்கு ஆகாது. கூட்டம் கொண்டுவரும் ஈரமும் தூசியும் துட்டன்காமன் கல்லறையைப் பாதிக்கிறது என்று கெட்டி நிறுவனம் 2009-லிருந்து பத்து வருடம் அங்கே வேலை பார்த்து, புதுக் காற்றோட்டம் அமைத்துக் கொடுத்தது. 2014-ல் அச்சு அசலாக ஒரு நகல் கல்லறையையும் கார்ட்டர் வீட்டருகே வைத்திருக்கிறார்கள். அங்கே தாராளமாக மூச்சு விடலாம். அதுவும் ப்ரோக்ராமில் இல்லை.

ஆக, தீர்ப்பு? படம் பார்க்கலாமா, வேண்டாமா?

பார்க்கலாம். அந்த 134 தூண்களுக்கு நடுவே நிற்பதற்காகவே பார்க்கலாம். ஆனால், கதையை மாற்றச் சொல்லிப் பாருங்கள். பஸ் ஏறியவுடனே நாலு பேர் சேர்ந்து, 'இந்தக் கடைகள் வேண்டாம், அந்த நேரத்துக்குத் தெய்ர் எல்-மதீனா காட்டுங்கள். உங்களுக்கு நஷ்டமாகும் கமிஷனை நாங்கள் தந்துவிடுகிறோம்' என்று சொல்லுங்கள். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு அலபாஸ்டர் பூனையின் விலைகூட வராது. முடியாவிட்டால் குறைந்தபட்சம் கைடை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதைக் குடைந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?' அவர் முகத்தைப் பாருங்கள். பல வருடமாக யாரும் கேட்காத கேள்வியாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். நானும் ஒரு பாப்பிரஸ் வாங்கினேன். செத்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து எடை போடும் படம். அசல் பாப்பிரஸா, வாழைப் பட்டையா என்று இன்றுவரை சந்தேகம். கடையில் இருந்த அத்தனை படங்களையும் புரட்டிவிட்டுத்தான் வாங்கினேன். ராம்சேஸ் இருந்தார், நெஃபர்டிட்டி இருந்தார், துட்டன்காமன் பத்து சைஸில் இருந்தார். தேள் கொட்டி லீவ் போட்டவனின் வருகைப் பதிவேடு மட்டும் இல்லை.

அதை அச்சடித்து விற்றால், நம் ஊர் ஆபீஸ்களில் மாட்டுவதற்கு நானே ஒரு டஜன் வாங்கிக்கொள்வேன்.